எட்டுக் கம்பி

முந்நூறுக்குக் காசு கட்டுகிறோம்.
என் மேசைக்கு வந்து சேருவது தொண்ணூற்றுநாலு.
நேற்றும் தொண்ணூற்றுநாலு,
மழைக்குள்ளும்,
விடியப்புறம் மூன்று மணிக்கு
கொக்குவில் முழுக்க நித்திரையான நேரத்திலும்
தொண்ணூற்றுநாலு.

கம்பனிக்காரனைத் திட்டினோம்.
ரவுட்டரை நூர்த்துப் போட்டோம், நூர்த்துப் போட்டோம்.
இவர் சுவரில் பழியைப் போட்டார்:
ஒன்றரை அடி மொத்தச் சுண்ணக்கல்,
ஷெல்லுக்கே அசையாதது
வைஃபைக்கு வழி விடுமா?
குசினியில் நாலு, சில நேரம் ஒன்றுமேயில்லை.
கிணற்றடியில் இரண்டு.
கிணற்றடியில் நெற் என்னத்துக்கு என்று நான் கேட்க
மகன் என்னைப் பார்த்த பார்வை.

குருநகரிலிருந்து ஜெறோம் வந்தான்.
மோட்டார்சைக்கிளில் ஒரு சுருள் நீலக் கேபிள்,
காதில் பென்சில்.
ஒன்றையும் கழற்றவில்லை.
நான் எண்களைக் குறித்து வைத்த கொப்பியைக் கேட்டான்.
"அக்கா, பழுதான நெற் கூடிக் குறையும்.
இது அசையாமல் நிற்குது.
எங்கேயோ ஒரு கதவு நூறில பூட்டிக் கிடக்கு."

முகட்டுக்குள் ஏறினான்.
தும்மல் கேட்டது, பிறகு சிரிப்பு.
கேபிளுக்குள் எட்டுக் கம்பி:
செம்மஞ்சள், பச்சை, நீலம், மண்ணிறம்,
ஒவ்வொன்றுக்கும் வெள்ளைக் கோடு போட்ட சோடி.
ஏழாவது அறுந்திருந்தது,
ஓர் அணிற்பல்லின் அகலத்துக்கு.

நூறுக்கு நாலு கம்பி காணுமாம்.
அதற்கு மேலே போக எட்டும் வேண்டுமாம்.
ஒன்று போனால் மிச்ச மூன்றும் சும்மா நிற்கும்,
பந்தியில் ஒருத்தர் குறைந்ததற்காக
சோற்றைத் தொடாமல் இருக்கிற சம்பந்திகள் மாதிரி.
இரண்டு வருசமாய் நாங்கள்
அணிலுக்குப் பதிலாக
ஆரையெல்லாம் ஏசினோம்.

புதுக் கேபிள் இழுத்தான்.
குசினிச் சுவரைத் துளைக்க முக்கால் மணித்தியாலம்,
இரண்டு பிற் முறிந்தது,
கழுவி வைத்த அரிசியில் வெள்ளைத் தூள்.
முகட்டில் பால்றொட்டி மாதிரி ஒரு வட்டம்,
நடுவில் நீலப் பொட்டு.
இருநூற்றெண்பத்தாறு! மகன் கத்தினான்.
கிணற்றடியில் நூற்றிருபது என்று
வாளிக்குப் பக்கத்தில் நின்றும் கத்தினான்.

ஒஸ்லோவுக்கு நான் கீறி அனுப்புகிற
மாடிப்படிப் படங்கள்
தேத்தண்ணி ஆற முதல் போய்விட்டன.
முந்தியென்றால் அனுப்ப விட்டுவிட்டு
மீன் வெட்டி முடிப்பேன்.
சும்மா இருந்தேன்,
கைக்கு என்ன செய்வதென்று தெரியாமல்.

ஞாயிறு இரவு கேதீசன் அண்ணா எடுத்தார், ரொறொன்ரோவிலிருந்து.
வழமை போல் குசினியில்
சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்தேன்.
நாவற்குழிக் காணியை வித்தால் என்ன,
இந்தக் கேள்வி வரும்போதெல்லாம்
நெற் நின்றுவிடும்.
பாதி நாள் உண்மையாகவே நின்றது.
மற்றப் பாதி
வாயைக் கொஞ்சம் திறந்தபடி
கண் இமைக்காமல் நான் நின்று காட்டினேன்.

இன்றைக்கு அவரின் முகம் முழுசாக வந்தது.
நாடியில் சவரக் கத்தி கீறின இடம்.
யன்னலில் பனி.
பின்னாலே வேறு ஏதோ சுவர்,
அண்ணியின் படம் மாட்டாத சுவர்,
நிலத்தில் ஒரு மெத்தை, மடிக்காத போர்வை.
எத்தனை மாதமாய் அந்த மெத்தை
அந்தப் புள்ளி புள்ளியான சாம்பலுக்குள் கிடந்ததோ.

"உந்தக் காணி விசயம்..." என்றார்.
நான் பழக்கத்தில் அசையாமல் நின்றேன்.
அடுப்பில் சோறு கொதித்து மூடியைத் தள்ளியது.
ஆவி அசைவது
அவருக்குத் தெரிந்திருக்கும்.

"கேட்குதோ, பிள்ளை?"

மூடியை எடுத்துவிட்டு
போனுக்குக் கிட்ட வந்தேன்.
"ஓம் அண்ணா.
வடிவாய்க் கேட்குது."